எதிரில் சொல்லாத வசனங்கள்

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள் காலை, வாத்தியார் தன் இடது கையால் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, அவள் முகத்தை நேராகப் பார்த்து, பிசிறில்லாத உச்சரிப்பில், "நீ என் கோட்டையில் நான் பூட்டாத ஒரே கதவு" என்றார்.

"ஒண்ணுக்கா?" என்று கேட்டாள் அவள்.

அவர் தலையை ஆட்டினார். அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் குடுவையை எடுத்துக் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். முப்பது வருஷம் ஒரே வீட்டில் வாழ்ந்த பிறகும் அந்த நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று இருவருக்குமே இருந்தது. பிறகு குடுவையைக் கழுவி, கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவி, அவருக்கு வாய் துடைத்து, வலது கையைத் தூக்கித் தலையணை மேல் வைத்து, தன் தலையை அவசரமாக வாரிக்கொண்டாள். எட்டரைக்கு மாடி வீட்டம்மா வந்து உட்கார்ந்தால்தான் அவள் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடைக்குக் கிளம்ப முடியும். ஒரு மணிக்குத் திரும்பிவிடுவாள். முழு நாள் வேலையைக் கடைக்கார அம்மாள் அவளுக்காக அரை நாளாக ஆக்கிக் கொடுத்திருந்தார்.

மாடி வீட்டம்மாவுக்கு அறுபத்தைந்து வயது, கணவர் இல்லை. முதல் நாள் அவள் வந்து உட்கார்ந்ததும் வாத்தியார் அவளிடம், "உன்னைக் காணாத பொழுது என் கண்கள் விளக்கேற்றாத இரண்டு அறைகள்" என்று சொல்லியிருக்கிறார். மத்தியானம் திரும்பி வந்தவளிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள் அந்தம்மா. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எங்க வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் எனக்கு 'ஏய்'தான் பேரு. இப்படி ஒருத்தர் சொல்லிக் கேக்கணும்னு என் தலையில எழுதியிருக்கு பாரேன். கடைசியில என்னன்னா, டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லியிருக்காரு!"

அவளும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் இடுப்பு வலித்தது.

வாத்தியார் கல்லூரியில் முப்பத்தொரு வருஷம் இலக்கியம் நடத்தியவர். என்னென்னவோ நடத்தினாலும் அவர் பெயர் அந்த ஒரு பழைய துன்பியல் நாடகத்தோடுதான் ஒட்டிக்கொண்டது. முற்றுகையிடப்பட்ட கோட்டையின் காவலன் ஒருவன் எதிரியின் மகளைக் காதலிக்கிறான். அவள் வந்து போக ஒரு சின்னக் கதவைத் திறந்து வைக்கிறான். அந்தக் கதவு வழியாகவே ஊர் அழிகிறது, அவளும் சாகிறாள், அவனும் சாகிறான். அவ்வளவுதான் கதை. அதில் காதலைப் பற்றி வரும் உவமைகளையும் உருவகங்களையும் மட்டும் வாத்தியார் ஆறு வகுப்புகளுக்கு நடத்துவார். கணக்குப் படிக்கிற பிள்ளைகள்கூட ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பார்களாம். பாதி வரியைச் சொல்லிவிட்டு நிறுத்துவார், மீதியை வகுப்பு முழுவதும் சேர்ந்து சொல்லும். பக்கவாதம் தாக்கிய அன்றைக்கும் அப்படித்தான் பாதி வரியில் நின்றிருக்கிறார். பிள்ளைகள் வழக்கம்போல மீதியைச் சொல்லி முடித்துவிட்டு அவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். சாக்பீஸ் கீழே விழுந்து உருண்ட பிறகுதான் முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து ஓடி வந்தாள்.

வீட்டில் அவர் அதிகம் பேசாதவர். "டீ." "மழை வரும்போல." "யாரு போன்ல?" இவ்வளவு போதும் ஒரு நாளைக்கு. கெட்டவர் இல்லை. கை நீட்டியதில்லை, குடித்ததில்லை, அவள் வேலைக்குப் போவதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கல்யாணமான இரண்டாம் வருஷம் ஒரு மத்தியானம் அவள் அந்த நாடகத்தை எடுத்து வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினாள். பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றவளுக்கு முதல் பக்கத்தைத் தாண்டவே நேரமானது. வீட்டுக்கு வந்தவர் பார்த்தார். "அதுல பென்சில் குறிப்பெல்லாம் இருக்கு, அடையாளம் வச்ச பக்கம் மாறிடும்" என்று சொல்லி மெதுவாகவே வாங்கிக்கொண்டார். இன்னொரு நாள் அவளாகவே கேட்டாள், உவமைக்கும் உருவகத்துக்கும் என்ன வித்தியாசம் என்று. "'போல' இருந்தா உவமை. 'போல'வை எடுத்துட்டா உருவகம். அவ்வளவுதான்." பேப்பரிலிருந்து தலை நிமிரவில்லை. ஒரு 'போல'வை எடுத்தால் என்ன ஆகிவிடப்போகிறது என்று அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம் மகள் பிறந்தாள். யோசிக்க வேறு விஷயங்கள் வந்துவிட்டன.

இப்போது காலையில் கண் விழித்ததிலிருந்து விளக்கணைக்கும் வரை அவர் வாயிலிருந்து அந்த வசனங்கள் மட்டும்தான் வந்தன. தண்ணீர் என்று சொல்ல வராது, "வறண்ட கிணற்றில் விழுந்த நிலவு நீ" என்று வரும். பசித்தால் "காதல் ஒரு முற்றுகை, உள்ளே இருப்பவனுக்குத்தான் பசி." கால் மரத்துப்போனால், முதுகு அரித்தால், கொசு கடித்தால், ஏதாவது ஒன்று. சிலது பொருந்தும், பலது பொருந்தாது. அவள் முகத்தையும் கண்ணையும் பார்த்து ஊகிக்கக் கற்றுக்கொண்டாள். மகள் வெளியூரிலிருந்து போனில் கேட்டாள்: "ஏம்மா, அப்பா உன்கிட்ட ஒரே லவ் டயலாக்காமே?"

"ஆமாடி. கொழுத்த அதிர்ஷ்டம் எனக்கு. பேதி மாத்திரை கேக்கிறதுக்குக்கூட நிலா வருது."

மகள் சிரித்தாள், பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நான் லீவு போட்டுட்டு வரட்டுமாம்மா?" என்றாள். வேண்டாம், சமாளிக்கிறேன் என்று சொல்லி வைத்தாள்.

யாரிடமும் சொல்லாத ஒன்று அவளிடம் இருந்தது. அவர் தண்ணீர்தான் கேட்கிறார் என்று தெரிந்த பிறகும், சில மத்தியானங்களில் அவள் தெரியாதது மாதிரி நின்றாள். ஐந்து விநாடி, பத்து விநாடி. அவர் இன்னொன்று சொல்வார். அவள் இன்னும் நிற்பாள். அவர் கண்களில் அவசரம் ஏறும், குரல் தழையும், "உன் பெயர் என் நாவில் வைத்த கனல், விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை" என்பார், மன்றாடுகிற குரலில், அவளையே பார்த்து. அப்புறம்தான் டம்ளரை எடுப்பாள். எடுக்கும்போது அவள் கை அவளுக்கே பிடிக்காது. நோயாளியிடம் போய் இப்படி ஏமாற்றி வாங்குகிறோமே என்று இருக்கும். மறுநாளும் நிற்பாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரத்துக்கு இரண்டு தடவை ஒரு பெண் வந்தாள். ஒல்லியான, பொறுமையான பெண். படம் போட்ட அட்டைகளைக் காட்டி "இது என்ன சார்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். மூக்கிலிருந்து அவள் கண்ணாடி வழுக்கிக்கொண்டே இருந்தது. அந்தப் பெண் மூன்றாம் தடவை வந்தபோது இவள் பொறுக்க முடியாமல், "கொஞ்சம் குடும்மா" என்று வாங்கி, கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் குட்டி ஸ்க்ரூ டிரைவரால் காதுப்பட்டையின் திருகை முடுக்கி, பட்டையைச் சுடுதண்ணீரில் காட்டி வளைத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் போட்டுப் பார்த்துவிட்டு, "அட, தலையை ஆட்டினாக்கூட விழல!" என்றாள். அந்தச் சந்தோஷத்தில்தானோ என்னவோ, அன்றைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று விவரமாகப் பேசினாள்.

"ஒண்ணு சொல்லணும்மா. அந்த வசனத்தை அவர் உங்களை நினைச்சுச் சொல்றதில்ல. வருஷக்கணக்கா சொல்லிச் சொல்லி நாக்குல பழகிப்போனது. பாட்டு மாதிரி, எண்ணுற மாதிரி, தானா வரும். அதுக்குத் தனியா அர்த்தம் கிடையாது."

"தெரியும்மா."

"நீங்க அதைப் புரிஞ்சுக்கிட்டு உடனே உடனே எடுத்துக் குடுத்துடறீங்க. அதனால அவருக்கு வேற வார்த்தையே தேவைப்படல. இனிமே வசனம் சொன்னா எதுவும் குடுக்காதீங்க. தண்ணின்னு சொல்ற வரைக்கும் தண்ணி குடுக்காதீங்க. பாதி சொன்னாலும் போதும், 'த'ன்னு சொன்னாலும் போதும். கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா இந்த ஆறு மாசம் போச்சுன்னா அப்புறம் வர்றது கஷ்டம்மா."

அவள் சரி என்றாள். அந்தப் பெண் படியிறங்கிப் போன பிறகும் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள். தான் திருட்டுத்தனமாகச் செய்துகொண்டிருந்ததையே இப்போது மருந்தாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறாள் என்று தோன்றியது. ஆனால் அது இல்லை இது. அவள் இத்தனை நாள் நின்றது வசனத்துக்காக. இனி நிற்க வேண்டியது வசனம் நின்றுபோவதற்காக.

மறுநாள் மத்தியானம் சாப்பாடு முடிந்து வெயில் ஜன்னல் கம்பி வழியாகக் கட்டில் மேல் விழுந்துகொண்டிருந்த நேரம். அவர் ஆரம்பித்தார். வறண்ட கிணறு, நிலவு. டம்ளர் அவள் கையில்தான் இருந்தது, நிறைய இருந்தது. "தண்ணி," என்றாள் அவள். "சொல்லுங்க. தண்ணி." அவர் மறுபடியும் கிணற்றைச் சொன்னார். "த... சொல்லுங்க, த." கோட்டைக் கதவைச் சொன்னார். விளக்கேற்றாத அறைகளைச் சொன்னார். ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார், தன்னிடம் இருப்பதையெல்லாம் எடுத்துக் கொடுத்தாவது ஒரு மடக்கு வாங்கிவிடலாம் என்பது போல. அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அவருக்குக் கோபம் வந்தது. இடது கையால் கட்டில் கம்பியை ஓங்கி அடித்தார், இரண்டு தடவை, மூன்று தடவை. கம்பியின் அதிர்வு தரையில் அவள் காலுக்கு வந்தது. மாடியிலிருந்து "என்னம்மா சத்தம்?" என்று குரல் வந்தது. "ஒண்ணுமில்ல" என்று கத்தினாள். அவள் குரலும் சரியாக இல்லை.

பிறகு அவர் அழுதார். வாயின் வலது பக்கம் அழவில்லை, இடது பக்கம் மட்டும் கோணியது. டம்ளரைக் கொடுத்துவிட்டு, பயிற்சிப் பெண்ணிடம் பொய் சொல்லிவிடலாம் என்று அவளுக்கு இருந்தது. கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று பின்னால் எத்தனையோ தடவை யோசித்தாள். அவர் குணமாக வேண்டும் என்பதுதான் காரணம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்குள் வேறு ஒன்றும் மடித்து வைத்திருந்தது. முப்பது வருஷமாக அவள் கேட்காமல் விட்டதெல்லாம் ஒரு டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"த," என்றார் அவர். "தண்."

அவள் கட்டிலருகே குனிந்தாள்.

"தண்ணி."

குடித்தார். பாதி நெஞ்சில் வழிந்தது. அவள் துடைக்கப் போனபோது தோளை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதன் பிறகு வார்த்தைகள் வந்தன. மழை பிடித்துக்கொண்டது மாதிரி வரவில்லை, ஒழுகுகிற குழாய் மாதிரி வந்தன. தண்ணி. வலி. ஃபேன். போதும். ஒரு வாரத்துக்குள் 'வேணாம்' வந்தது. வந்ததிலிருந்து அதுதான் அதிகம். மாத்திரை வேணாம், போர்வை வேணாம், மகளுடைய போன் வேணாம். பேச்சுப் பயிற்சிப் பெண் ஒவ்வொரு வார்த்தையையும் நோட்டில் குறித்துக்கொண்டு, "பிரமாதம் சார், பிரமாதம்மா" என்றாள். கடைக்கார அம்மாள் கடையிலேயே கையைத் தட்டினார். "உங்களாலதான்க்கா இவ்வளவு முன்னேற்றம்." அவள் ஒரு பிரேமில் லென்ஸை அழுத்திப் பொருத்திக்கொண்டே, ஆமாம் என்று தலையாட்டினாள்.

வசனங்கள் உதிர்ந்துகொண்டே போயின. முதலில் முற்றுகை காணாமல் போனது. பிறகு கிணறு. ஒரு நாள் அதிகாலை அரைத்தூக்கத்தில் அவர் "விளக்கேற்றாத" என்று ஆரம்பித்தது கேட்டு எழுந்து உட்கார்ந்தாள். அதற்கு மேல் வரவில்லை. நான்காம் மாதம் அவர் ஊன்றுகோலைப் பிடித்து முன்னறை வரை நடந்து நாற்காலியில் உட்கார்ந்து, "டீ" என்றார். வீடு பழையபடி ஆகிவிட்டது. அவள் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றைக்குக் கடையில் யாருக்கோ அளவெடுக்கும்போது, எதிரில் உட்கார்ந்திருந்தவர் "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். தூக்கம் சரியாக இல்லை என்று சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவன் ஒருவன் வந்தான். அவனுக்கே இப்போது முன்னந்தலை வழுக்கை. வாத்தியாருடைய வகுப்பை அதே கல்லூரியில் இப்போது அவன்தான் எடுக்கிறான். ஒரு டஜன் ஆரஞ்சுப் பழத்தை மேஜையில் வைத்துவிட்டு, வாத்தியாரின் காலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கல்லூரி விஷயமெல்லாம் சொன்னான். வாத்தியார் 'ம்' என்றார், 'சரி' என்றார். பேச்சு தீர்ந்துபோகிற மாதிரி இருந்ததும் அவன், "நாளைக்கு உங்க பாடத்தைத்தான் சார் ஆரம்பிக்கிறேன். பயமா இருக்கு," என்றான். பிறகு சிரித்துக்கொண்டே, "உன் பெயர் என் நாவில் வைத்த கனல்..." என்று சொல்லி நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தான். அவன் நிறுத்தியதில் தப்பில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் அவர் அவனுக்கு நிறுத்திக் காட்டியது போலத்தான் அவனும் நிறுத்தினான்.

வாத்தியார் வாயைத் திறந்தார். நெற்றி சுருங்கியது. இடது கை விரல்கள் முழங்கால் மேல் எதையோ தேடின. "அது..." என்றார். "அது..." அவர் காது சிவந்துகொண்டே வந்தது. அவன் என்ன செய்துவிட்டோம் என்று புரிந்து, "பரவாயில்ல சார், பரவாயில்ல" என்று எழுந்தான்.

"விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை," என்றாள் அவள், சமையலறை வாசலில் டீத் தட்டோடு நின்றபடி.

அவன் திரும்பிப் பார்த்தான். "நீங்க படிச்சிருக்கீங்களாம்மா?"

"இல்லப்பா. கேட்டிருக்கேன்."

"எங்ககூடப் படிச்சவங்களுக்கெல்லாம் மறந்தே போச்சு. அப்படியே சொல்றீங்களே! சார் வீட்லயும் அந்தப் பாடத்தை நடத்துவாரா?"

"நடத்தினாரு. மூணு மாசம்." தட்டை வைத்தாள். பிறகு, கேட்க வேண்டும் என்று நினைக்காமலே கேட்டாள்: "அந்தக் காவல்காரன் இதைச் சொன்னப்ப அவ என்னப்பா பதில் சொன்னா?"

அவன் டம்ளரை எடுத்தவன் மறுபடி வைத்தான். வகுப்பெடுக்கிற குரல் அவனுக்கு வந்துவிட்டது. "அவ எங்கம்மா பதில் சொல்றது? அவளுக்குத் தெரியவே தெரியாதே! சார் முதல் வகுப்புல இதைத்தான் சொல்லுவார். இந்த நாடகத்துல ஒரு உருவகத்தைக்கூட அவன் அவளைப் பார்த்துச் சொல்றதில்ல. சுவர்கிட்ட சொல்லுவான். கூட காவல் நிக்கிறவன்கிட்ட சொல்லுவான். கடைசியில பொணத்துகிட்ட சொல்லுவான். அவ எதிர்ல வந்து நின்னா, 'குளிருதா?'ன்னு கேப்பான். 'காத்து அடிக்குது, கதவுப் பக்கம் நிக்காதே'ம்பான். அவ்வளவுதான். 'நெஞ்சுல அத்தனையும் வச்சிருந்தவனுக்கு குளிருதான்னுதான் கேக்க முடிஞ்சது, அதான்டா துன்பியல், அதுக்கப்புறம் விழுற பொணமெல்லாம் சும்மா'ன்னு சார் சொல்லுவார்." அவன் வாத்தியாரைப் பார்த்தான். "இல்லையா சார்?"

வாத்தியார் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டாரா, கேட்டும் புரியவில்லையா, எல்லாம் புரிந்ததா, அவளுக்குத் தெரியவில்லை. அவர் முகத்தில் பாதி இப்போதும் எதையும் காட்டுவதில்லை.

வருஷா வருஷம் நூறு பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே நின்ற கணக்குப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. தனக்குக் கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வரவில்லை. கால்தான் வலித்தது. குளிர்காலத்தில் கடைக்குக் கிளம்பும்போதெல்லாம் அவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து "ஸ்வெட்டர்?" என்று கேட்பது, அவள் "இருக்கு" என்பது, அதெல்லாம் ஒரு வரிசையாக வந்தது. அதில் எதை எதுவாக எடுத்துக்கொள்வது என்று இனிமேல் உட்கார்ந்து பிரிக்க அவளிடம் தெம்பில்லை.

அவன் போன பிறகு அவள் டம்ளர்களை எடுக்க வந்தாள்.

"உக்காரு," என்றார் வாத்தியார்.

பயிற்சிப் பெண்ணின் அட்டைகளில் அந்த வார்த்தை கிடையாது. அவள் நின்று பார்த்தாள். "அடுப்புல பால் இருக்குங்க."

அவர் உதடு இரண்டு முறை அசைந்தது. வேறு எதையோ தேடுகிற மாதிரி இருந்தது, கண்கள் சுவர் மூலைக்குப் போய் வந்தன. அது கிடைக்கவில்லை. "உக்காரு," என்றார் மறுபடியும்.

அவள் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்தாள். அந்த நேரத்தில் உட்கார்ந்து பழக்கமில்லாததால் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, மடியில் வைத்துக்கொண்டாள். இருவரும் ஜன்னலைப் பார்த்தார்கள். எதிர்க் கட்டிட மொட்டைமாடியில் யாரோ ஓர் ஆணும் பெண்ணும் காய்ந்த படுக்கை விரிப்பு ஒன்றை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, விறைப்பாக இழுத்து உதறி, நெருங்கி வந்து முனைகளைச் சேர்த்து, மறுபடி பின்னால் நகர்ந்தார்கள். காற்று ஒரு பக்கத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது. அது தரையைத் தொடுவதற்குள் அந்த ஆள் குனிந்து பிடித்தான். மடிப்பு கலைந்துவிட்டது. அவர்கள் ஒன்றும் பேசிக்கொண்ட மாதிரி தெரியவில்லை. மறுபடியும் முழுதாக விரித்து, ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து தொடங்கினார்கள்.